இவர் இறைச்சி சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை

என்ரை அண்ணை கனடாவிலை செத்துப் பெட்டிக்குள்ளை கிடந்த சனி, ஞாயிறு, நான் கென்ட்டிலை வைன் தோட்டம் பாத்துக்கொண்டு திரிஞ்சன். ஐந்நூறு வருஷத்து வீடுகளுக்கு முன்னாலை நிண்டு சிரிச்சுச் சிரிச்சுப் படம் எடுத்தன். செம்மறி இறைச்சி சாப்பிட்டன். எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், லண்டன் குட்மேய்ஸிலை எங்கடை தெருவிலை இருக்கிற மூண்டு தமிழ் வீட்டுக்கும் தெரியும், நான் முருங்கைக்காய் வாங்குற கடைக்காரத் தம்பிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இதை இண்டைக்கு எழுதுறன். கோபத்திலைதான், வருத்தத்திலை இல்லை.

காரணம் என்ரை நெஞ்சு. அதுக்கு மூண்டு கிழமைக்கு முந்தித்தான் அடைப்பு எண்டு ஹொஸ்பிட்டலிலை எனக்கு ஸ்டென்ட் வைச்சவை. வீட்டை அனுப்பேக்கை ஒரு இளம் டொக்டர், கொஞ்ச நாளைக்கு மனசைப் போட்டுக் குழப்பாதேங்கோ எண்டு சொன்னான். பாவம், அவன் எல்லாருக்கும் சொல்லுறதைத்தான் எனக்கும் சொன்னவன். எங்கடை ஆக்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு சட்டமாக்கிப்போட்டினம். புதன்கிழமை விடிய, அண்ணை நித்திரையிலையே செத்துப்போனார் எண்டு கனடாவிலையிருந்து செய்தி வந்திருக்கு. இவர் குசினிக்குள்ளை நிண்டு மகளோடை போனிலை கதைக்க, ரெண்டு பேருமாய் முடிவெடுத்திருக்கினம், ஞாயிற்றுக்கிழமை எரிச்சு முடியும்வரைக்கும் அவவுக்குச் சொல்லுறேல்லை எண்டு. அந்த நேரம் நான் மேலை கட்டிலிலை, தேத்தண்ணி ஏன் இன்னும் வரேல்லை எண்டு புறுபுறுத்துக்கொண்டு கிடந்தன்.

அண்ணை ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறவர். வேலைக்குப் போற வழியிலை காரிலையிருந்து எடுப்பார், எங்களுக்கு அப்ப மத்தியானம். எனக்கு ஸ்டென்ட் வைச்ச பிறகு கேள்வி மூண்டுதான். குளிசை போட்டனியோ, நடந்தனியோ, என்ன கறி. நான் எரிச்சலோடைதான் மறுமொழி சொல்லுவன். சில நாள், "அண்ணை, அடுப்பிலை கறி கிடக்கு, வையுங்கோ" எண்டு வெட்டிவிடுவன். புதன்கிழமை அவர் எடுக்கேல்லை. வியாழனும் இல்லை. இவரிட்டைக் கேட்டன். "உம்மடை அண்ணைக்குத் தொண்டை அடைச்சுப்போச்சாம். சத்தம் வருதில்லையாம். ரெண்டு மூண்டு நாளைக்குக் கதைக்கேலாதாம்" எண்டார்.

அதைச் சொல்லேக்கை இவர் அப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டு இருந்தவர். கத்தி ஒரு இடத்திலையும் தடக்குப்படேல்லை. முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தின மனிசன். பொய் சொல்லத் தெரியாத மனிசன் எண்டு நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். கொத்தமல்லி அவிச்சுத் தேன் விட்டுக் குடிக்கச் சொல்லுங்கோ எண்டு நான் சொல்ல, "ஓம், சொல்லிவிடுறன்" எண்டார். செத்த மனிசனுக்கு. 

வியாழக்கிழமை பின்னேரம் மகள் வந்தாள். அவள் கல்யாணம் கட்டாத, நல்ல உத்தியோகத்திலை இருக்கிற, தனிய பிளாட் எடுத்து இருக்கிற பிள்ளை. வந்த கையோடை என்ரை போனை வாங்கி ஓஃப் பண்ணித் தன்ரை கைப்பைக்குள்ளை வைச்சாள். "டொக்டர் சொன்னதெல்லே அம்மா. ரெண்டு மூண்டு நாள் போன் வேண்டாம்." அதோடை, தானும் சிநேகிதியும் போறதுக்கு எண்டு வார இறுதிக்குப் புக் பண்ணி வைச்ச ஹோட்டல் கிடக்காம், சிநேகிதிக்கு ஏலாதாம், நாங்கள் மூண்டு பேரும் போவமாம். பழைய ஊருகள், வைன் தோட்டம், நல்ல காத்து. நெஞ்சு வருத்தக்காரியை வைன் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போற ஒரே தமிழ்க் குடும்பம் எங்கடையாத்தான் இருக்கும். அப்பகூட எனக்கு மண்டையிலை ஏறேல்லை. வீட்டிலை வைச்சிருந்தால் ஆராவது கதவைத் திறந்து என்ரை கழுத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதிடுவினம் எண்டுதான் என்னை வெளியிலை கடத்தினது. அது எனக்குப் பிறகுதான் விளங்கினது.

உள்ளதைச் சொல்லவேணும், எனக்குச் சந்தோஷமாய்த்தான் இருந்தது. மூண்டு கிழமையாய் ஒரே சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தவள் நான். சனிக்கிழமை காலமை டென்டர்டனிலை இறங்கினம். அகலமான தெரு, ரெண்டு பக்கமும் புல்லு, வெள்ளைப் பலகை அடிச்ச வீடுகள். அங்கையிருந்து ரை எண்ட ஊருக்குப் போனம். அது குன்றுக்கு மேலை இருக்கிற ஊர். தெருவெல்லாம் உருண்டைக் கல்லு பதிச்சுக் கிடக்கு, வீடுகள் கறுத்த மரச் சட்டத்தோடை ஒண்டிலை ஒண்டு சாஞ்சு நிக்குது. வாசல் கதவுகள் என்ரை உயரத்துக்கே தலையிலை இடிக்கும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலையும் கட்டின வருஷம் எழுதிக் கிடக்கு. நான் ஒவ்வொண்டாய் நிண்டு வாசிச்சன். இவர் என்ரை முழங்கையைப் பிடிச்ச கையை எடுக்கவேயில்லை. நான் எதைப் பாத்தாலும், "வேணுமோ, வாங்கட்டோ" எண்டு கேட்டுக்கொண்டு வந்தார். சாதாரணமாய்க் கடைக்கு வெளியிலை நிண்டு மணிக்கூட்டைப் பாக்கிற மனிசன். எனக்கு வருத்தம் வந்ததாலை மனிசனுக்கு அன்பு கூடிப்போச்சு எண்டு நினைச்சன். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாயும் இருந்தது.

ஒரு சின்னக் கடையிலை கென்ட் தேன் வித்துக்கொண்டிருந்தவை. ரெண்டு போத்தில் எடுத்தன். "ஒண்டு அண்ணைக்கு. ஆராவது கனடாவுக்குப் போகேக்கை குடுத்துவிடுவம், தொண்டைக்கு நல்லது" எண்டன். மகள் கடையை விட்டு வெளியிலை போயிட்டாள். திரும்பி வரேக்கை கண் சிவந்திருந்தது. கேட்டதுக்கு அலர்ஜி எண்டாள்.

மத்தியானம் ஒரு பழைய பப்பிலை சாப்பிட்டம். உத்தரம் எல்லாம் கோணல், அடுப்பிலை நெருப்பு எரிஞ்சுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து சதுப்பு நிலத்துச் செம்மறி பேர்போனது எண்டு பலகையிலை எழுதியிருந்தவை. நான் அதைச் சொன்னன். இவர் காளான் போட்ட ஏதோ ஒண்டு சொன்னார். மகளும் அதையே சொன்னாள். நான் பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனிச்சன். "என்ன, நீங்கள் ரெண்டு பேரும் இறைச்சி எடுக்கேல்லை?"

"புரட்டாதிச் சனியெல்லே" எண்டார் இவர்.

எனக்கு முகம் செத்துப்போச்சு. வருத்தத்திலை கிடந்ததிலை நாள் கிழமை எல்லாம் மறந்துபோனன். முள்ளுக்கரண்டியை வைக்கப்போக, "நீர் வருத்தக்காரி, உமக்குத் தோஷமில்லை, சாப்பிடும்" எண்டு இவர் சாப்பாட்டுக் கோப்பையை என்ரை பக்கம் தள்ளிவிட்டார். நான் சாப்பிட்டன். எலும்பையும் விடேல்லை. அண்ணை அந்த நேரம் இன்னும் எரியேல்லை. இந்த மனிசன் அது தெரிஞ்சுகொண்டு, என்ரை கோப்பையைத் தன்ரை கையாலை என்ரை பக்கம் தள்ளினது. மற்றது எல்லாத்தையும் ஒருவேளை மன்னிப்பன், இதை இண்டைக்கும் மன்னிக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை வைன் தோட்டம். ஒரு பள்ளத்தாக்குக்குள்ளை வரிசை வரிசையாய்க் கொடிகள், பழம் நிறைஞ்சு கிடக்கு. ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு பேரைச் சேத்துக் கூட்டிக்கொண்டு போய், எந்த மண்ணுக்கு எந்தக் கொடி எண்டு விளங்கப்படுத்தினாள். பிறகு பெரிய உருக்குத் தாங்கியள் நிக்கிற கொட்டிலுக்குள்ளை கொண்டுபோய் எல்லாருக்கும் வைன் ஊத்திக் குடுத்தாள். எனக்குத் திராட்சைச் சாறு. வாயிலை வைச்சு ருசி பாத்துப்போட்டுத் துப்பவும் ஏலும் எண்டு ஒரு வாளியைக் காட்டினாள். இவர் கலியாண வீடுகளிலை ரெண்டாவது கிளாஸ் விஸ்கியையும் மறுக்காத ஆள். வாயிலை வைக்காமலே நேராய் வாளிக்குள்ளை ஊத்தினார். கார் ஓடுறது மகளெல்லே, நீங்கள் ஏன் ஊத்துறியள் எண்டு கேட்டன். "எனக்கு உது பிடிக்கேல்லை" எண்டார். குடிக்காமலே எப்பிடிப் பிடிக்கேல்லை எண்டு கேக்க வாய் வந்தது, அந்தப் பிள்ளைக்கு முன்னாலை என்னத்துக்கு எண்டு விட்டன்.

பிந்திப்போய், ரெண்டே முக்காலுக்குத்தான் தோட்டத்து உணவகத்திலை மேசை கிடைச்சது. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட். மாடு, செம்மறி, கோழி எண்டு மூண்டு வகை. எங்கடை வீட்டிலை ஞாயிற்றுக்கிழமை எண்டால் இறைச்சிதான், முப்பத்தொரு வருஷமாய் அதுக்கு மாற்றமில்லை. நான் மரக்கறி வைச்ச ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இவர் மூண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சிருந்தவர். பரிமாறுற பெடியனிட்டை இவர் சொன்னார், தனக்கு மரக்கறி ரோஸ்ட். மகளும் அதைத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை கோயிலாலை வந்து நேராய் பர்கர் சாப்பிடுற பிள்ளை.

அப்பதான் எனக்கு மண்டையிலை ஏறினது. புரட்டாதிச் சனி முடிஞ்சுபோச்சு. இது ஞாயிறு. எங்கடை ஆக்கள் விரதமில்லாத நாளிலை, குடும்பமாய், ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் மச்ச மாமிசத்தை விட்டினம் எண்டால் அதுக்கு ஒரே காரணம்தான். செத்தவீடு. சடலம் எடுத்து எட்டாம் நாள் செய்து முடிக்கும்வரைக்கும் நெருங்கின ஆக்கள் மச்சம் தொடமாட்டினம். இவர் வாயாலை எந்தப் பொய்யும் சொல்லுவார் போலை. ஆனால் செத்த துடக்கோடை ஒரு துண்டு இறைச்சியை வாயிலை வைக்க மனிசனாலை ஏலாது. அந்த ஒரு இடத்திலை பிடிபட்டுப்போனார். நான் சொன்ன கோழி வந்து எனக்கு முன்னாலை ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் தொடேல்லை.

"ஆர் செத்தது?" எண்டு கேட்டன்.

"என்ன கதை கதைக்கிறீர்? ஒருத்தரும் இல்லை. சாப்பிடும்."

"உங்கடை அக்காவோ?"

"சீச்சீ. அவ நல்லாயிருக்கிறா."

மகளைப் பாத்தன். அவள் கரட்டைச் சின்னச் சின்னத் துண்டாய் வெட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு துண்டும் வாய்க்குப் போகேல்லை. இவருக்கும் அவளுக்கும் பொதுவான ஆள். எனக்கு மறைக்கவேண்டிய ஆள். புதன்கிழமையிலையிருந்து சத்தம் வராத ஆள்.

"அண்ணையோ?"

இவர் தலையை நிமித்தேல்லை. கண்ணீர் மட்டும் உருளைக்கிழங்குக்கு மேலை விழுந்தது. மகள் என்ரை கையைப் பிடிச்சு, "அம்மா, மூச்சை எடுங்கோ, மெல்ல மூச்சை எடுங்கோ" எண்டாள். கைப்பையைத் திறந்து நாக்குக்குக் கீழை அடிக்கிற மருந்தை எடுத்து ஆயத்தமாய் வைச்சிருந்தாள். ரெண்டு பேரும் என்ரை நெஞ்சையே பாத்துக்கொண்டிருந்தினம். அது ஒண்டும் செய்யேல்லை. ஒழுங்காய், எனக்கே வெக்கம் வாற மாதிரி, தன்ரை பாட்டுக்கு அடிச்சுக்கொண்டிருந்தது. அண்ணை செத்துப்போனார் எண்டு கேட்டும் நான் கதிரையிலை நேராய் இருக்கிறன் எண்டதுதான் என்னாலை நம்ப முடியாமல் இருந்தது.

"எத்தினை மணிக்கு எரிக்கினம்?"

 திரும்பவும் கேட்டன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பாக்கிற மாதிரி. "அங்கை பதினொண்டரைக்குப் பெட்டி மூடுறது. எங்கடை நேரம் நாலரை. லைவிலை போகுது" எண்டாள் மகள். சுவர் மணிக்கூட்டிலை நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. முகத்தையாவது பாக்கவேணும் எண்டதைத் தவிர எனக்கு வேறை ஒரு நினைப்பும் இல்லை. போனைத் தா எண்டன். அந்தப் பள்ளத்துக்குள்ளை சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வைஃபை கேட்டால், இஞ்சை வைஃபை வைக்கிறேல்லையாம், வாறவை ஒருத்தரோடை ஒருத்தர் மனம் விட்டுக் கதைக்கவேணுமாம். பெடியன் சிரிச்சுக்கொண்டு சொன்னான்.

நான் எழும்பினன். "நில்லும், பில்லைக் குடுத்திட்டு வாறன்" எண்டார் இவர். நான் நிக்கேல்லை. காரடிக்கு நடந்துபோய் ஏறி இருந்து, பின்னாலை வந்த மகளிட்டைக் காரை எடு எண்டன். அப்பா எண்டு அவள் இழுக்க, எடு எண்டு திரும்பவும் சொன்னன். கார் திரும்பேக்கை இவர் உணவக வாசலிலை என்ரை குளிர்ச்சட்டையைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறது தெரிஞ்சது.

ஒடுங்கின ஒழுங்கையளாலை மேட்டுக்கு ஏறினம். ரெண்டு இடத்திலை எதிரிலை ட்ராக்டர் வந்து பின்னுக்கு எடுக்கவேண்டி வந்தது. ஒரு பழைய தேவாலயத்தடியிலை மதிலோரம் மகள் காரை நிப்பாட்டினாள். நாலு மணி பதினேழு. அவளின்ரை போனிலை படம் ரெண்டு தரம் உறைஞ்சு, பிறகு வந்தது.

பெரிய மண்டபம். ஒரே தலையள். மூத்த மருமகன், அண்ணையின்ரை மகன், வேட்டியோடை ஐயருக்குப் பக்கத்திலை. அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு பூவுக்குள்ளை கிடந்தார். திருநீறு பூசியிருந்தவை. கமரா தூரத்திலை, முகம் என்ரை சின்னிவிரல் நகத்தளவுதான். இழுத்துப் பெருப்பிச்சுப் பாத்தன், எல்லாம் கலங்கிப்போச்சு. மச்சாள், அண்ணையின்ரை மனிசி, பெட்டியடியிலை கதிரையிலை இருந்தா. ஆரோ ஒருத்தர் மைக்கிலை கதைச்சுக்கொண்டிருந்தார். அண்ணை நல்லவர், வல்லவர் எண்டெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியிலை சொன்னார்: "லண்டனிலை இருக்கிற தங்கச்சிக்கு நெஞ்சு வருத்தம். அவவுக்கு இன்னும் அறிவிக்கேல்லை. இதைப் பாத்துக்கொண்டிருக்கிற உறவுகள் தயவுசெய்து அவவுக்குச் சொல்லிப்போட வேண்டாம்." கீழை எத்தினை பேர் பாக்கினம் எண்டு எழுதிக் கிடந்தது. அறுநூறுக்கு மேலை. அறுநூறு பேருக்கு என்னைப் பற்றி எச்சரிக்கை செய்யிறதை நான் காருக்குள்ளை இருந்து கேட்டன்.

மகளின்ரை கைப்பைக்குள்ளையிருந்து என்ரை போனை எடுத்து ஓன் பண்ணி அண்ணையின்ரை நம்பருக்கு அடிச்சன். எனக்கு அங்கை பழகின நம்பர் அது ஒண்டுதான். நாலு தரம் அடிச்சது, பிறகு வெட்டுப்பட்டது. லைவ் அரை நிமிஷம் பிந்தித்தான் வரும், அது எனக்குத் தெரியாது. அங்கை ஒண்டும் நடக்கேல்லை எண்டு நான் பாத்துக்கொண்டிருக்க, திடீரெண்டு படத்திலை அண்ணையின்ரை போன் சத்தம் கேட்டது. மச்சாள் மடியிலை இருந்த பையைத் திறந்து எடுத்துப் பாத்தா. பாத்ததும் பாம்பைத் தொட்ட மாதிரிப் பதறிப்போனா. பக்கத்திலை இருந்த மனிசிக்குக் காட்டினா. அந்த மனிசி வேண்டாம் வேண்டாம் எண்டு தலையாட்டினா. மச்சாள் விரலாலை அமத்தினா.

நான் திரும்ப அடிச்சன். இந்தமுறை ரெண்டு தரம் அடிச்சதோடை வெட்டுப்பட்டது. மகள் அழுதுகொண்டு, "போனைத் தாங்கோ அம்மா, உங்களுக்குத் தெரியும் எண்டு நான் மெசேஜ் போடுறன்" எண்டு தன்ரை போனை இழுத்தாள். நான் விடேல்லை. அதுக்குள்ளைதான் அண்ணை கிடந்தார், எப்பிடி விடுறது. மூண்டாந்தரம் அடிக்க, போன் ஓஃப். படத்திலை நாலைஞ்சு பேர் மச்சாளைச் சுத்தி நிண்டு குசுகுசுத்தினம், ஒருத்தர் போனை வாங்கித் தன்ரை பொக்கற்றுக்குள்ளை வைச்சார். அதுக்குப் பிறகு ஐயர் கையைக் காட்ட, ரெண்டு பேர் வந்து மூடியைத் தூக்கினம். பொம்பிளையளின்ரை சத்தம் காருக்குள்ளை நிறைஞ்சுது. நகத்தளவு முகம் இருந்த இடத்திலை இப்ப மரம் மட்டும் மினுங்கினது.

கொஞ்ச நேரத்தாலை மகள் கேட்டாள், "இப்ப மாமிக்குச் சொல்லட்டோ, நீங்கள் பாத்தனீங்கள் எண்டு?"

"வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லாதை" எண்டன். ஏன் சொன்னன் எண்டு அப்ப எனக்கே தெரியாது. புருஷனைப் பெட்டிக்குள்ளை வைச்சு மூடின மனிசிக்கு, அண்டைக்கே போய், உன்ரை கையாலை என்னை வெட்டிவிட்டாய் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

திரும்பிப் போய் இவரை ஏத்தினம். தோட்டத்து கேற்றடியிலை அதே குளிர்ச்சட்டையோடை நிண்டார். பின் சீற்றிலை ஏறி இருந்தார். டார்ட்போர்ட் பாலத்தடியிலை ஒரு மணித்தியாலம் வாகன நெரிசல்.  இவர் ஒருக்கா, "உமக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயந்திட்டன்" எண்டார். பயந்தது உண்மைதான், குரலிலை தெரிஞ்சது. அதுக்காக நான் திரும்பிப் பாக்கேல்லை.

வீட்டை வந்து தலைக்கு ஊத்திப்போட்டு, ஈரத் தலையோடை கீழை இறங்கி வந்தன். ஏழு மணிக்கு என்ரை போன் அடிச்சது. மச்சாள். இவரும் மகளும் குசினி வாசலிலை நிண்டு பாத்தினம். எடுத்தன். மச்சாளுக்குக் குரல் அடைச்சு, காத்துத்தான் வந்தது. நாலு நாள் அழுத குரல். ஆனால் கஷ்டப்பட்டுச் சாதாரணமாய்க் கதைக்கிறா.

"சாப்பிட்டீரோ தங்கச்சி? குளிசை போட்டீரோ?"

"ஓம் மச்சாள்."

"பக்கத்திலை ஆர் நிக்கினம்? அவரும் நிக்கிறாரோ? நிண்டுகொண்டு கதையாதையும், ஒரு இடத்திலை இரும்."  பிறகு, ஆரோ எழுதிக் குடுத்ததை வாசிக்கிற மாதிரி, மெல்ல மெல்லச் சொன்னா: "பயப்பிடாதையும், என்ன. உம்மடை அண்ணைக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு."

நான் படியிலை இருந்தன். "என்ன மச்சாள்? என்ன செய்யுது அண்ணைக்கு?" எண்டு கேட்டன்.